ஜெரிக்கோ மேலே பார்க்கிறான்

பந்து தன்னிடம் வரப்போகிற நேரத்தில் வேறு எங்கோ பார்க்கிற பையனை எவன் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வான்? மோட்டல் அறையில் ஆறிப்போன வாஃபிளை மென்றபடி ரோஸ்கோ டில்மன் தன்னையே கேட்டுக்கொண்டார். மடிக்கணினியில் ஓடிய படத்தைப் பின்னால் இழுத்து மறுபடி போட்டார். மறுபடியும் அதே கூத்து. எல்லோரும் குனிந்து தயாராக நிற்கிறார்கள். வலது ஓரத்தில் நிற்கும் பதினோராம் எண் பையன் மட்டும் தலையைத் தூக்கி மேலே ஒரு பார்வை பார்க்கிறான். கண் மூடித் திறக்கிற நேரம்தான். அப்புறம் ஓடுகிறான்.

பையன் பெயர் ஜெரிக்கோ வாட்லி. மிசிசிப்பியில் டன்லீத் என்கிற ஆற்றங்கரை ஊரின் கல்லூரி அணியில் ரிசீவர், அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவன். அவன் தொழில்முறை அமெரிக்க ஃபுட்பாலுக்குத் தேறுவானா மாட்டானா என்று சொல்வதற்குத்தான் ரோஸ்கோவுக்குச் சம்பளம். இருபது வருடமாகக் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு மூன்று மாநிலங்களைச் சுற்றுகிறார். எந்த ஊரில் எந்தக் கடையில் கெளுத்தி மீன் நன்றாகப் பொரிப்பார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். தன் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று கேட்டால் யோசிப்பார். வீடு என்றும் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. மனைவி பிரிந்து போய் ஒன்பது வருடம் ஆகிறது. மகள் கெசியா அம்மாவோடு பர்மிங்காமில் இருக்கிறாள். பள்ளிக்கூட வாலிபால் அணியில் ஆடுகிறாள். ஆட்டமெல்லாம் சனிக்கிழமைகளில். சனிக்கிழமைகளில் ரோஸ்கோ அடுத்தவர் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ராத்திரி அவளிடமிருந்து குறுஞ்செய்தி வரும். 'ஜெயிச்சோம்' என்றோ 'தோத்துட்டோம்' என்றோ ஒரே வார்த்தை. அதற்கு ரோஸ்கோ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவைப்பார்.

ஜெரிக்கோவிடம் குறை சொல்ல அதிகம் இல்லை. கை பெரிய கை. தடுக்க வருகிறவனை ஒரு தோள் அசைப்பில் ஏமாற்றிவிட்டுப் போகிறான். ஆனால் வெளியூரில் ஆடும்போது ஒட்டிக்கொள்கிற பந்து, உள்ளூரில் ஆடும்போது விரலிலிருந்து நழுவுகிறது. உலகத்தில் எல்லாப் பையன்களும் சொந்த ஊரில்தான் புலி. இவன் தலைகீழாக இருந்தான். மேலே பார்க்கிற கூத்தும் உள்ளூர் ஆட்டங்களில் மட்டும்தான். தன்னிடம் பந்து வரப்போகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறானோ என்று ரோஸ்கோ சோதித்துப் பார்த்தார். அப்படியும் இல்லை. பந்து யாரிடம் போனாலும் பார்க்கிறான்.

பயிற்சியாளர்கள் எடுக்கிற படத்தில் கூட்டம் தெரியாது. கூரை உயரத்திலிருந்து மைதானத்தை மட்டும் எடுப்பார்கள், சத்தமும் இருக்காது. அதனால் பையன் எதைப் பார்க்கிறான் என்று படத்தை எத்தனை தடவை ஓட்டினாலும் விடை கிடைக்காது. 'கவனம் சிதறுகிறது. பார்வையாளர் பக்கம் பார்க்கிறான்' என்று அறிக்கையில் எழுதிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு ரோஸ்கோ கிளம்பினார். ரோஸ்கோவுக்குச் சம்பளம் கொடுக்கும் தொழில்முறை அணியின் மேலாளர் ஹஸ்கின்ஸ் வழியிலேயே போனில் பிடித்துவிட்டார்.

"என்னய்யா, தேறுவானா மாட்டானா? மேல கீழ பாக்குற பையனுக்கெல்லாம் நம்ம தேர்வுப் பலகைல இடம் கெடையாது. இன்னைக்குப் பாத்துட்டு ஒரே வார்த்தையில சொல்லு. இல்லன்னா பேரை அழிச்சிடறேன்."

"சாயங்காலம் சொல்றேன்."

ரோஸ்கோவைப் போல ஆள் தேற வருகிற ஸ்கவுட்டுகள் உட்காருவதற்கென்று மேலே கண்ணாடி அறை உண்டு. அங்கே கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. ஓசியில் கிடைக்கும் ஹாட் டாக்கைத் தின்றுகொண்டு பைனாகுலர் வழியாகப் பார்க்க வேண்டும். கீழே இறங்கிப் பெற்றோர் நடுவில் உட்காருவதை இந்தத் தொழிலில் யாரும் செய்வதில்லை. ஒரு தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு அவள் பிள்ளையைத் தேறமாட்டான் என்று எழுதக் கை வராது என்பது அவர்கள் அனுபவம். முதல் கால் பகுதி முழுக்க ரோஸ்கோவும் அந்த அறையில்தான் இருந்தார். ஜெரிக்கோ இரண்டு பந்தைக் கோட்டைவிட்டான். இரண்டு தடவையும் அதற்கு முன்னால் மேலே பார்த்தான்.

"பொண்ணு எவளாவது உக்காந்திருப்பா," என்றார் பக்கத்திலிருந்த மெர்ல், வேறொரு அணியின் ஸ்கவுட். "எனக்கு அந்த வயசுல ரெண்டு பொண்ணு. ரெண்டும் எதிரெதிர் பக்கத்துல. கழுத்தே சுளுக்கிக்கிச்சு."

"உன்னை ஒருத்தி பாத்ததே அதிசயம்."

"பாத்தாங்கன்னு நான் சொல்லவே இல்லியே."

ரோஸ்கோ பைனாகுலரைப் பையன் தலை திரும்புகிற திசையில் ஓட்டினார். வலது மூலை, வீரர்களின் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பகுதி. நடைபாதை ஓரத்தில் ஊதா நிறச் சட்டை போட்ட பருத்த அம்மாள் ஒருத்தி. அவளுக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம். ஜனங்கள் படிக்கட்டில்கூட உட்கார்ந்திருக்க, அந்த ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. வேறு வழியில்லை, அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது. அணியின் சின்னம் போட்ட மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தார்.

"எங்கய்யா போற?" என்றார் மெர்ல்.

"காத்து வாங்க."

கீழே கறி சுடுகிற புகையும் வேகவைத்த கடலை வாசமும் கலந்து வந்தன. அந்த அம்மாள் மடியில் கடலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு தோலை ஒரு கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தாள். ரோஸ்கோ குனிந்து, "இங்க யாராவது வர்றாங்களாம்மா?" என்று கேட்டார்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "வரணும். வரமாட்டான். நீ உக்காரு கண்ணு. மூணு வருஷமா அந்தப் பலகைல ஒரு மனுசன் உக்காந்ததில்ல. கொஞ்சம் சூடாவது ஏறட்டும்."

அவள் பெயர் வெர்லீன். ஜெரிக்கோவின் அத்தை. கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினாள். காலி இடம் அவள் தம்பி க்ளீவுக்கு உரியது. ஜெரிக்கோவின் அப்பன். பையன் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது, டயர் வாங்கிவிட்டு வருகிறேன் என்று போன ஆள். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான், காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வீரர்கள் ஒவ்வொருவரும் குடும்பத்துக்கு இலவச நுழைவுக்காகக் கதவில் பெயர் கொடுத்து வைக்கலாம். உள்ளூர் ஆட்டம் ஒன்று விடாமல் பையன் அப்பன் பெயரையும் கொடுத்து வைக்கிறான்.

"போன்ல கேட்டா, வர்றேன்டா மவனேங்கறான். நானும் இந்தக் கைப்பைய வெச்சு எடத்தைப் பிடிச்சு வெக்கறேன். என் கூடப் பொறந்தவன் கண்ணு. எனக்குத்தான் வெக்கமா இருக்கு."

பையன் எதைப் பார்க்கிறான் என்பது ரோஸ்கோவுக்குத் தெரிந்துவிட்டது, அதோடு எழுந்து போயிருக்க வேண்டும். எழுவதற்குள் ஜெரிக்கோவின் அணிக்கு மறுபடி பந்து வந்தது. பையன் வலது ஓரத்துக்கு ஓடி வந்தான், குனிந்தான், வழக்கம்போல மேலே பார்த்தான்.

இந்தத் தடவை பார்வை உடனே இறங்கவில்லை. காலி இடத்தில் ஆள். அகலமான தோள், பழுப்புத் தொப்பி, முகத்தில் பாதி நிழல். பந்து கைமாறி ஆட்டம் தொடங்கியது. பையன் கடைசியாகக் கிளம்பினான், ஆனால் முதலாவதாகப் போனான். தடுக்க நின்றவன் திரும்புவதற்குள் அவனைத் தாண்டி, தலைக்கு மேலே வந்த பந்தை ஒற்றைக் கையால் பறித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்தான்.

கூட்டம் எழுந்து நின்று அலறியது. ரோஸ்கோ உட்கார்ந்தே இருந்தார். ஜெரிக்கோ பந்தை இரண்டு கையாலும் பிடித்து நேராக அவரை நோக்கித் தூக்கிக் காட்டினான்.

வெர்லீனின் வாயில் கடலை அப்படியே நின்றது. பையனைப் பார்த்தாள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தாள். "ஆண்டவரே," என்றாள் மெதுவாக. "உன்னை அவங்கப்பன்னு நெனச்சுட்டான்."

"நான் போயிடறேம்மா. இது தப்பு."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வீட்டுவேலை செய்து உரமேறிய கை. "அசையாத. ஆட்டம் முடியற வரைக்கும் இந்த எடத்தை விட்டு எழுந்த, நானே உன் காலை ஒடிச்சிடுவேன்."

"பொய்யாச்சேம்மா."

"நெசத்துக்கு மூணு வருஷம் குடுத்துப் பாத்தாச்சு. இன்னைக்கு ஒரு மத்தியானம் பொய்க்குக் குடு."

அவள் பிடித்ததால் உட்கார்ந்தார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதிதான் உண்மை. அந்தப் பையன் பார்த்த பார்வையை விட்டுவிட்டு எழுந்து போக ரோஸ்கோவுக்கு மனம் வரவில்லை. ஆயிரம் பையன்களை அவர் பார்த்திருக்கிறார், எடை போட்டிருக்கிறார். அவரை இப்படி ஒருவர் ஏங்கிப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது? பார்வை தனக்கு உரியதல்ல என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அடுத்த முறை பையன் தலையைத் தூக்கியபோது ரோஸ்கோ லேசாகக் கையை உயர்த்தினார்.

இடைவேளையில் இந்த ஊரில் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். ஆட்டத்தைவிடப் பேண்டு வாத்தியத்துக்காக வருகிற கூட்டம்தான் பாதி. முரசுகள் நெஞ்சுக்குள் அதிர, வெர்லீன் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள். "உனக்குப் புள்ளைங்க இருக்கா கண்ணு?"

"ஒரு பொண்ணு."

"அவ ஆடறாளா?"

"வாலிபால்."

"இன்னைக்குச் சனிக்கெழமையாச்சே," என்றாள் வெர்லீன். ரோஸ்கோ கடலையை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

இரண்டாம் பாதியில் ஜெரிக்கோ ஆடியதை டன்லீத்தில் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். விரலுக்கு எட்டாத பந்தெல்லாம் எட்டியது. பந்து வேறு ஒருவனிடம் போகிறபோதும் எதிராளியை மல்லாக்கத் தள்ளிவிட்டு, கவனித்தீர்களா என்று மேலே பார்த்தான். ஸ்கவுட்டுகள் தேடித் தேடிப் பார்ப்பது இதைத்தான், பந்து வராதபோது பையன் என்ன செய்கிறான் என்பதை. ஆனால் அன்றைக்கு ரோஸ்கோ ஸ்கவுட்டாக இல்லை. மூன்றாவது தடவை பையன் கோட்டைக் கடந்தபோது கைதட்டினார். கடைசியாக எப்போது கைதட்டினோம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

ஆட்டம் முடிந்தது. அந்தக் கல்லூரியில் ஜெயித்தாலும் தோற்றாலும் வீரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஜனங்களுக்கு முன்னால் வந்து வரிசையாக நிற்பார்கள். பேண்டு கல்லூரிப் பாட்டை மெதுவாக வாசிக்கும், எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். ஆம்பிளைகள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வது பழக்கம். கழற்றாதவனைப் பக்கத்தில் இருக்கிற கிழவனார் யாராவது தோளில் தட்டுவார். ஜெரிக்கோ வரிசையில் இந்த மூலைக்கு நேராக வந்து நின்றுகொண்டான். வியர்வை வழிய, வாய் கொள்ளாத சிரிப்போடு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு தொடங்கியது. சுற்றிலும் தொப்பிகள் இறங்கின. ரோஸ்கோ மட்டும் தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

"பாட்டு ஓடுதுப்பா," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

ரோஸ்கோ தொப்பியைக் கழற்றினார். மாலை வெயில் அவருடைய வழுக்கைத் தலையிலும் நரைத்த தாடியிலும் விழுந்தது. கீழே பையனின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது. பிறகு அது மெதுவாக வடிந்தது. பாட்டை மட்டும் அவன் நிறுத்தவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து கடைசி அடி வரைக்கும் பாடினான்.

குடும்பத்தார் எல்லாம் கம்பித் தடுப்புக்கு இறங்கிப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார்கள். வெர்லீன் முன்னால் போய் ஜெரிக்கோவின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே பையன் ரோஸ்கோவைப் பார்த்தான்.

"உங்களை எனக்குத் தெரியும் சார். வசந்த காலத்துல பயிற்சிக்கு வந்தீங்க. ஸ்கவுட்டு."

"ஆமாம்ப்பா." ரோஸ்கோ தொப்பியைக் கையில் சுழற்றினார். "நீ எங்க பாக்கறன்னு தெரிஞ்சுக்கத்தான் அங்க வந்து உக்காந்தேன். நீ யார்னு நெனச்சேன்னு தெரிஞ்சதும் எழுந்திருக்கணும். எழுந்திருக்கல. மன்னிச்சிடு."

ஜெரிக்கோ கையுறையைக் கழற்றினான். கழற்றுவதற்குக் கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டான்.

"பரவால்ல சார். கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு."

அப்புறம் அவனே கேட்டான். "நல்லா ஆடினேனா சார்?"

"நான் பாத்ததுலேயே நல்ல ஆட்டம்."

"அவர் வந்தா இன்னும் நல்லா ஆடுவேன்," என்றான் ஜெரிக்கோ. "அடுத்த வாரமும் பேரு குடுத்து வெச்சிருக்கேன்." வெர்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காரில் உட்கார்ந்து ரோஸ்கோ ஹஸ்கின்ஸைக் கூப்பிட்டார். மெர்ல் மூலம் ஊரெல்லாம் சேதி பரவிவிட்டிருந்தது.

"உள்ளூர்லயே பிச்சு உதறிட்டானாமே. அப்ப எந்த ஜெரிக்கோ நெசம்? பந்தை விடறவனா, புடிக்கறவனா?"

"ரெண்டும் ஒரே பையன்தான். வர மாட்டேங்கற ஆளுக்காக மூணு வருஷமா எடம் போட்டு வெச்சிருக்கான். விடாம வெச்சிருக்கான். என் அறிக்கைல கவனம் சிதறுதுன்னு எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துடறேன்."

"அப்புறம் அங்க என்னய்யா எழுதுவ?"

"காத்துக்கிட்டு இருக்கான்னு."

ஹஸ்கின்ஸ் பெருமூச்சு விட்டார். "நம்ம மைதானத்துல எழுபதாயிரம் இருக்கை இருக்கு. அவனோட ஆளு அங்கயும் வரலன்னா?"

"தெரியாது. ஆனா பேரை அழிக்காதீங்க."

"சரி, கீழ்வரிசைல போட்டு வெக்கறேன். வசந்தத்துல ஆள் எடுக்கறப்ப பாப்போம். அடுத்த சனிக்கெழமை லூசியானா, மறந்துடாத."

"அடுத்த சனிக்கெழமை நான் வரல," என்றார் ரோஸ்கோ. வேலை போய்விடுமோ என்ற பயம் அந்த வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் வந்தது.

பர்மிங்காமில் அந்தப் பள்ளிக்கூட உள்ளரங்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு பேரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. ரோஸ்கோ மூன்றாம் வரிசையில், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். தொப்பியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பெண்கள் ஓடி வந்தார்கள். பந்து போடும் முறை வந்தபோது ஒவ்வொருத்தியும் கூட்டத்தில் யாரையோ ஒரு கணம் தேடினாள். ஒருத்தியின் அம்மா கையசைத்தாள். இன்னொருத்தியின் அப்பா இரண்டு விரலைக் காட்டினார்.

கெசியாவின் முறை வந்தது. போன கிறிஸ்துமஸுக்குப் பார்த்ததற்கு இப்போது அம்மாவின் உயரம் வந்துவிட்டது. பந்தைத் தரையில் தட்டினாள், மூச்சு விட்டாள், வலையை மட்டும் பார்த்தாள், அடித்தாள். எதிர்ப்பக்கம் யாராலும் தொட முடியவில்லை. மறுபடி தட்டினாள், மறுபடி வலை. ஒரு தடவைகூட அவள் தலை திரும்பவில்லை. வேறு யாருடைய பெண்ணாக இருந்திருந்தாலும், கவனம் பிரமாதம் என்று ரோஸ்கோ எழுதியிருப்பார்.

முதல் ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தபோது பக்கத்தில் வந்து நின்றவரைப் பார்த்து அவள் விழித்தாள்.

"அப்பா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. ஆட்டம் பாக்க வந்தேன். ஆரம்பத்துலேருந்து இங்கதான் இருக்கேன். நேரா, மூணாவது வரிசை."

"நான் பாக்கவே இல்லியே." அவள் சங்கடமாகச் சிரித்தாள். குத்திக்காட்டவில்லை, அவளுக்கு அது தெரியாது. "நான் மேல பாக்கறதே இல்லப்பா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. சின்ன வயசுல ஒரு தடவை வந்தீங்கள்ல, நான் உங்களையே திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் பந்தை விட்டுட்டேன். கார்ல போகும்போது சொன்னீங்க, மேல பாக்கற பிள்ளை தேறாது, பந்தை மட்டும் பாருன்னு."

ரோஸ்கோவுக்கு அது ஞாபகமே இல்லை.

விசில் ஊதியது. "இருப்பீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் ஓடிவிட்டாள்.

அவர் மூன்றாம் வரிசைக்குத் திரும்பிப் போகாமல் ஆடுகளத்துக்குப் பக்கத்திலேயே முதல் வரிசையில் உட்கார்ந்தார். கெசியா பந்தைத் தட்டினாள், வலையைப் பார்த்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பமாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் ரோஸ்கோ. பந்து எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.